உதிரிபாகம் வரும்வரை

ஸ்கேன் மெஷினில் பலகை ஒன்று கருகியிருந்தது.
மாற்றுப் பலகை பார்சல் பஸ்ஸில்
நாளை விடியற்காலை வடசேரிக்கு வரும்.
"அதுவரைக்கும் ஊரைப் பாருங்க மேடம்" என்றார் மேலாளர்,
இறந்தவருக்குப் போர்த்துவதுபோல்
இயந்திரத்தின்மேல் ஒரு வெள்ளைத் துணியை இழுத்தபடி.

பதினாறு வருஷம், எழுபது ஊர்.
எல்லா ஊரிலும் நான் பார்த்தது
லாட்ஜின் மின்விசிறியும்
எக்ஸ்ரே அறையின் பின்பக்கமும்.

காலையில் புட்டு, பயறு, பப்படம்.
எதை எதோடு என்று விழித்திருந்தேன்.
எதிர் மேசைக்காரர் தன் இலையில்
மூன்றையும் சேர்த்து நொறுக்கிக் காட்டினார்.
மட்டிப்பழம் ஒன்றையும் உரித்துப் பிசைந்தார்.
ஒரு வார்த்தை பேசவில்லை; பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்.

"வெள்ளம் வேணுமாக்கா?" என்றாள் பரிமாறியவள்.
பவானிக் கரையில் அப்படிக் கேட்டால்
மாட்டை அவிழ்த்துக்கொண்டு மேட்டுக்கு ஓடுவோம்.
இங்கே அது டம்ளரில் வந்தது,
வெதுவெதுப்பாய், சீரகம் மிதக்க.

தக்கலை. அங்கிருந்து அரண்மனை.
திங்கட்கிழமை விடுமுறை என்றது பலகை.
ஞாயிற்றுக்கிழமையும் வேலை பார்ப்பவளுக்குத்
திங்கட்கிழமை பற்றி என்ன தெரியும்?
மதிலைப் பார்த்தேன். ஓட்டின் விளிம்பைப் பார்த்தேன்.
பூட்டைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தேன், நல்ல பூட்டு.
ஒரு நாய் மட்டும் கதவின் கீழ் இடுக்கில்
டிக்கெட் இல்லாமல் உள்ளே போனது.

வாசலில் சக்கை விற்றாள் லில்லிபாய்.
கரும்பைப் பிழிந்து எறிவதைத்தான்
எங்களூரில் சக்கை என்போம்.
இது பலா. பத்துச் சுளை.
பிசின் ஒட்டிய என் கையை இழுத்துத்
தேங்காயெண்ணெய் தடவினாள், ஒவ்வொரு விரலாக.
கடைசியாக இந்தக் கையை யார் பிடித்தது என்று
யோசிக்கத் தொடங்கி
பஸ் வந்ததும் விட்டுவிட்டேன்.

மாத்தூரில், நூறடிக்கும் மேலே,
மலையிலிருந்து மலைக்குத்
தொட்டிக்குள் தண்ணீர் நடந்து போகிறது.
கீழே பறளியாறு தன் வேலையாய்.
ஒன்றையொன்று தெரிந்ததாக
இரண்டும் காட்டிக்கொள்ளவில்லை.
தூண்களை எண்ணிக்கொண்டே போனேன், இருபத்தெட்டு.
எண்ணிக்கொண்டே திரும்பினேன், இருபத்தேழு.
ஏதோ ஒன்றின்மேல் நின்று
காற்றுக்குக் கைப்பிடியைப் பற்றியிருந்திருக்கிறேன்.
புதுமணத் தம்பதிக்குப் படம் எடுத்துக் கொடுத்தேன்.
பதிலுக்கு அவர்கள் என்னை எடுத்தார்கள்;
பாலத்தைப் பழுதுபார்க்க வந்தவள்போல் இருக்கிறேன்.

அன்னாசித் துண்டில் மிளகாய்ப்பொடி தூவிய ராஜையன்
"ஒத்தைக்கா வந்திய?" என்றார்.
ஆமாம் என்றேன்.
"கொள்ளாம்" என்றார்.
எதற்குள் கொள்ளாமல் போனேன் நான் என்று
திருவட்டாறு வரை மனசு கசந்தது.
நடத்துநர்தான் சொன்னார்:
நல்லா இருக்குன்னு அர்த்தமாக்கும்.

மூன்று மணிக்கு மரச்சீனியும் சாளைக்கறியும்.
அந்தக் கறியைப் பற்றி எழுதமாட்டேன்.

நாகர்கோவிலில் மழை.
பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டேன்.
வடசேரி என்றார் ஒருவர், மீனாட்சிபுரம் என்றார் மற்றவர்.
அவர்கள் சண்டையில் நான் தேவைப்படவில்லை;
மணிமேடைப் பக்கம் நடந்தேன்.
ஒரு கடையில் ரசத்துக்குள் வடை கிடந்தது,
நீச்சல் தெரியாமல் அல்ல,
கரையேற மனமில்லாமல்.
இரண்டு. பிறகு இன்னும் ஒன்று.

மறுநாள் பலகை வந்தது. பொருத்தினேன்.
துணியை விலக்கினார்கள்.
"வெள்ளம் நெறைய குடிச்சியா மக்கா?" என்று
முதல் நோயாளியை அழைத்து வந்தாள் நர்ஸ்.
கால் மாற்றிக் கால் மாற்றி நின்ற அந்தப் பெண்
படுத்ததும், திரையில்
கறுப்பாக ஒரு சின்னக் குளம்,
கரை துல்லியமாய்.

"மெஷின் எப்படி?" என்றார் டாக்டர்.

கொள்ளாம் என்றேன்.
அவர் சென்னைக்காரராம்;
மறுபடியும் கழற்றவா போறீங்க என்று
கவலையோடு பார்த்தார்.